மச்சான் குளத்தில் இருபத்தேழு கெளுத்தி

பண்டமாரான், கிள்ளான்
சனிக்கிழமை காலை

பெருமதிப்புக்குரிய மச்சான் நாகையா அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் கமலநாதன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் இராஜம்மாவும் வேளாவேளைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம். அங்கே பெர்த்தில் நீங்களும் அக்காவும், மகள் மாதவியும், மருமகனும், புதிதாக வந்திருக்கும் மூன்றாவது பேத்தியும் குளிர் தாங்கி நன்றாக இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும். பேத்தியின் படத்தைப் பார்த்தோம். மூக்கு அப்படியே உங்கள் மூக்கு. கவலைப்படாதீர்கள், வளர வளரச் சரியாகிவிடும்.

வாட்ஸப் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். வாட்ஸப்பில் நீலக் கோடு விழுந்த அடுத்த நிமிஷம் நீங்கள் போன் போட்டுவிடுவீர்கள். கடிதம் என்றால் போய்ச் சேரப் பத்து நாள், உங்கள் கோபம் ஆற இரண்டு நாள், ஆகப் பன்னிரண்டு நாள் எனக்கு அவகாசம். துறைமுகக் கிடங்கில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன் நான். கெட்ட செய்தியை எந்த வழியாக அனுப்பினால் மெதுவாகப் போகும் என்பது எனக்குத் தெரியும்.

முதலில் நல்ல செய்தி. பக்கத்து ஊர் மேருவில் இருக்கும் உங்கள் குளம் அதே இடத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் இருக்கிறது. பம்பு ஓடுகிறது. தீவன மூட்டையை எலி தொடவில்லை. மீன் இருக்கிறதா என்றால், அதுவும் இருக்கிறது. என்ன மீன் என்று மட்டும் உடனே கேட்காதீர்கள், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே படியுங்கள்.

அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். மாதவி கல்யாணத்துக்கு நீங்கள் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் வந்து அழைக்காமல், பத்திரிகையைத் தபாலில் அனுப்பினீர்கள். "கூடப் பொறந்தவளுக்கு ஸ்டாம்பு ஒட்டி அனுப்புறாரா?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்தியவள்தான் இராஜம்மா. பதினொரு வருஷம் போய்விட்டது. போன ஜூலையில் நீங்கள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "மூணு மாசத்துக்கு என் குளத்தைப் பாத்துக்கிறியா இராஜம்மா?" என்று சாவியை நீட்டியபோது அவள் கதவைத் திறந்தது எனக்கே ஆச்சரியம். காப்பி போட்டாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள், நீங்களும் சொல்லாமல் குடித்தீர்கள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிடும் நேரத்துக்கு அரைமணி முன்பே அவள் போன் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். அவளாக ஒருநாளும் உங்களைக் கூப்பிட்டதில்லை, அந்த வீம்பு இன்னும் மிச்சம் இருக்கிறது. ஆனால் ஒரு நாளைக்கு நாலு தடவை "எங்கண்ணன் குளம்" என்கிறாள். எனக்குக் குளத்தைப் பற்றிப் பயமில்லை மச்சான். குளம் போனால் இவளுக்கு அண்ணன் மறுபடியும் போய்விடுவாரே என்பதுதான் பயம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் விமானம் ஏறிய இரண்டாவது வாரம் எனக்கு அஷ்டமச் சனி ஆரம்பித்துவிட்டது. காரைப் பின்னால் எடுத்துக் கோவில் கேட்டில் இடித்தேன். குளியலறையில் வழுக்கினேன். ரத்தப் பரிசோதனைக்குப் போனால் சர்க்கரை எனக்கு ஏறியிருக்கிறது, இராஜம்மாவுக்கு இறங்கியிருக்கிறது, அதையும் அவள் என்னால்தான் என்றாள். இருவரும் ரயில் பிடித்து பிரிக்பீல்ட்ஸ் போனோம். நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் போகும் அதே ஜோசியரிடம்தான், மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்குமே, அவர்தான். என் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க சார். உயிருக்கு விடுதலை குடுங்க. இருபத்தேழு நட்சத்திரத்துக்கு இருபத்தேழு மீனு. சனிக்கிழமை, உங்க கையால, ஓடுற தண்ணியில" என்றார். என்ன மீன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் இந்தக் கடிதம் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும்.

கிள்ளான் பாசாரில் உயிர் மீன் விற்கும் சீனரிடம் போனேன். பிளாஸ்டிக் பேசினில் கருகருவென்று கெளுத்தி நெளிகிறது. அவர் என் நெற்றி விபூதியைப் பார்த்துவிட்டு, "அங்கிள், மாக்கான் கா, லெப்பாஸ் கா?" என்றார். சாப்பிடவா, விடவா என்று கேட்கிறார். லெப்பாஸ் என்றேன். உடனே விலை ஏறிவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு, தின்கிறவர்கள் பேரம் பேசுவார்களாம், புண்ணியத்துக்கு வாங்குகிறவர்கள் பேச மாட்டார்களாம். அது உண்மைதான், நானும் பேசவில்லை. இந்தக் கெளுத்தி ரொம்ப உரம், தண்ணீர் இல்லாமல் தரையில் கிடந்தாலும் பல மணி நேரம் சாகாது என்று அவர் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விட்ட உயிர் சீக்கிரம் செத்துப்போனால் பரிகாரத்துக்கு என்ன பலன்? ஆயுசு கெட்டியான மீனாகவே இருக்கட்டும் என்று இருபத்தேழு எண்ணி வாங்கினேன்.

இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். நான் அவற்றை உங்கள் குளத்தில் விடவில்லை. நான் என்ன கூமுட்டையா? உங்கள் எண்ணூறு ஜெலாவாட் குஞ்சுகள், தெமெர்லோவில் சொல்லிவைத்து வாங்கி, விரல் நீளத்துக்கு வளர்த்து, "இது நம்ம ஊரு ஆத்து மீனு மாப்பிள்ள, கிடைக்கிறதே அபூர்வம், ரெண்டு வருஷம் பொறுத்தா ஹோட்டல்காரன் வீட்டு வாசல்ல நிப்பான்" என்று நீங்கள் என்னிடம் ஒப்படைத்த செல்வம். அதற்குள் வேறு மீனை விடுவேனா? குளத்துக்குப் பக்கத்தில் ஆற்றை நோக்கி ஓடும் லோங்காங் வாய்க்காலில், கற்பூரம் காட்டி, மஞ்சள் தூவி, ஒவ்வொன்றாக நட்சத்திரப் பெயர் சொல்லி விட்டேன். அஸ்வினி வாலால் என் முகத்தில் அடித்துவிட்டுப் போனது. ரேவதி போக மாட்டேன் என்று என் காலடியிலேயே நின்றது, குச்சியால் தள்ளினேன். இராஜம்மா வீடியோ எடுத்தாள். திரும்பி வரும்போது கார் எதிலும் இடிக்கவில்லை. பரிகாரம் பலித்துவிட்டது என்று ரோஜாக் வாங்கிச் சாப்பிட்டோம்.

மீன் விட்ட மூன்றாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. கிள்ளானில் மழையும் கடல் ஏற்றமும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லோங்காங் நிரம்பி, குளத்துக் கரை மேல் ஒரு மணி நேரம் தண்ணீர் புரண்டது. ஒரே ஒரு மணி நேரம்தான். மறுநாள் கரை காய்ந்துவிட்டது, நானும் மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு தீவனம் போடும்போதுதான் கவனித்தேன். முன்பெல்லாம் ஒரு கைப்பிடி வீசினால் தண்ணீர் முழுக்கக் குஞ்சுகள் துள்ளும். இப்போது வீசினால் தீவனம் மிதந்துகொண்டே இருந்தது. வெயில் சூட்டில் பசி எடுக்கவில்லை என்று நினைத்தேன். இராஜம்மா, "அண்ணன் இல்லாம ஏங்கிப் போச்சுங்க போல" என்றாள். நாங்கள் இருவரும் கரையில் நின்றுகொண்டு உங்கள் குரலை போனில் போட்டுக்காட்டினோம், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அனுப்பிய குரல் பதிவு, பெர்த்தில் வெங்காய விலை பற்றியது. அப்போது தண்ணீருக்குள்ளிருந்து மீசை ஒன்று மேலே வந்தது. ஜெலாவாட்டுக்கு அந்த மாதிரி மீசை கிடையாது என்று எனக்கே தெரியும்.

பக்கத்து நிலத்து வாசுவைக் கூப்பிட்டேன். உங்களுக்குத் தெரிந்தவர்தான், துறைமுகத்தில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறார், லீவு நாளில் ஆற்றில் வலை போடுவார், வேலிக்கு அந்தப் பக்கம் வெண்டைக்காய் வைத்திருக்கிறார். எட்டிப் பார்த்துவிட்டு, "முடிஞ்சுது அங்கிள். கெளுத்தி ஏறிருச்சு. இனிமே உங்க குஞ்செல்லாம் அதுக்கு நாசி லெமாக்தான் லா" என்றார். மீன் எப்படிக் கரை ஏறும் என்றேன். ஈரம் இருந்தால் போதும், செட்டையை ஊன்றித் தரையிலேயே நெளிந்து வந்துவிடுமாம். கோழி ஈரலைத் தூண்டிலில் மாட்டிப் பிடிக்க ஆரம்பித்தோம். முதல் நாள் நாலு. மறுநாள் ஆறு. இதற்கிடையில் குளத்துத் தண்ணீர் பச்சையாகிவிட்டது. பாசியைத் தின்னும் என்று கடையில் சொன்னதை நம்பி, நான் யாரிடமும் கேட்காமல் பண்டாராயா மீன் ஆறு வாங்கி விட்டேன். உடம்பெல்லாம் முள்ளாக, கண்ணாடித் தொட்டியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்குமே, அது. நகராட்சிப் பெயர் வைத்த மீன், சுத்தம் செய்யும் என்று நினைத்தது என் தப்பு. அது கரையில் வளை தோண்டியது. கரை ஒழுகி, வாசுவின் வெண்டைக்காய்ப் பாத்தி முழுக்கத் தண்ணீர்.

வாசு கோபப்படவில்லை, அதுதான் எனக்கு வேதனை. ஈரப் பாத்தியில் நின்றுகொண்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "விடுங்க அங்கிள், இது எனக்குப் பழகிப் போச்சு. ஆத்துல வலை போட்டா பத்து கிலோ வருது. எட்டு கிலோ இந்தப் பண்டாராயாதான். யாரு வாங்குறா? முள்ளு மாட்டி வலை கிழிஞ்சு போவுது. வலைக்குக் காசு, படகுக்கு எண்ணெய், ஐஸு, எல்லாம் போட்டுட்டு வீட்டுக்கு ரெண்டு கிலோ மீனோட போறேன். முன்னாடி பாவோங், லம்பாம்னு நம்ம ஆத்து மீனை வித்தே பிள்ளைக்கு டியூஷன் கட்டினேன். இப்ப ஓவர்டைம் பாத்துக் கட்டுறேன்." அன்றைக்கு ராத்திரிதான் எனக்கு உறைத்தது. நான் என் சனியைக் கழிக்கத் தண்ணீரில் விட்டதும் இப்படித்தான் இன்னொருவர் வலையில் போய்ச் சேரும்.

பிறகு மீன்வள இலாகாவுக்கு போன் போட்டு, "எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படி ஒரு பிரச்சினை" என்றேன். கார்த்திகா என்று ஒரு பெண் வந்தாள், செந்தூல் ஊர்ப் பிள்ளை, பூட்ஸ் போட்டுக்கொண்டு நேராகக் குளத்தில் இறங்கினாள். "அந்தத் தெரிஞ்சவரு நீங்கதானே அங்கிள்?" என்று முதல் கேள்வியே கேட்டுவிட்டாள். நான் ஆமாம் என்றேன். அவள் திட்டவில்லை. டீச்சர் மாதிரி பொறுமையாகச் சொன்னாள். "இந்தக் கெளுத்தி நம்ம ஊரு இல்ல அங்கிள், ஆப்பிரிக்கா. சீக்கிரம் வளரும், எதையும் தின்னும், நோய் வராதுன்னு பண்ணைக்குக் கொண்டு வந்தாங்க. பண்ணைக்காரருக்கு லாபம்தான், நமக்கும் மலிவா மீனு கிடைக்குது, அதை நான் தப்பு சொல்லல. ஆனா வெள்ளத்துல தப்பிச்சதும், நீங்க புண்ணியத்துக்கு விட்டதும் ஆத்துக்குப் போயிருது. அங்க அது நம்ம மீனோட முட்டையத் தின்னுது, குஞ்சத் தின்னுது. அந்த நஷ்டத்துக்கு பில்லு எந்தப் பண்ணைக்கும் போகாது. வாசு அண்ணன் மாதிரி ஆளுங்க தலையிலதான் விழுது." நான் தலையை ஆட்டினேன். கிடங்கில் சரக்கு சேதமானால் யார் பெயரில் எழுதுவது என்று ஒரு ஃபாரம் இருக்கும். ஆற்றுக்கு அப்படி ஒரு ஃபாரம் இல்லை போலிருக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தில்தான் நானும் அவளும் ஒத்துப்போகவில்லை. நான் விட்டது இருபத்தேழு. அதில் எல்லாமே குளத்துக்கு வந்தது என்று வைத்துக்கொண்டாலும் இருபத்தேழுதான். இதுவரை பிடித்தது நாற்பத்தொன்று. அதில் சில என் முழங்கை நீளம், இரண்டு கிலோவுக்கு மேல். "ஏழு வாரத்துல இவ்வளவு பெருசு ஆகாது அங்கிள். இது வருஷத்துக்கு மேல இங்க இருந்த மீனு" என்றாள் அவள். சனி பகவான் அருள் இருந்தால் வளராதா என்றேன். அவள் பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

பிடித்த மீனை என்ன செய்வது என்று கேட்டேன். "சாப்பிடுங்க அங்கிள், அதான் புண்ணியம்" என்றாள். நட்சத்திரப் பெயர் சொல்லி விட்ட மீனை எப்படிக் குழம்பு வைப்பது? அதில் ஒன்று என் ஜன்ம நட்சத்திரம். அக்கம்பக்கத்தில் கொடுத்தோம். முதல் வாரம் எல்லோரும் "தேங்ஸ் அங்கிள்" என்று வாங்கினார்கள். இரண்டாம் வாரம் நான் வாளியோடு தெருவில் இறங்கினாலே கேட்டைச் சாத்துகிறார்கள். மூன்றாம் வாரம் எங்கள் வீட்டு வாசலில் யாரோ ஒரு வாளிக் கெளுத்தியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், நான் கொடுத்ததேதான், வாளியை வைத்துக் கண்டுபிடித்தேன்.

கார்த்திகா கடைசியாகச் சொன்னது இது. குளத்தை முழுசாக இறைத்துக் காயவைத்து, சுண்ணாம்பு போட்டு, கரையை உயர்த்தி வலை கட்டி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஜெலாவாட் எத்தனை மிச்சம் என்று வாசுவும் நானும் வலை இழுத்துப் பார்த்தோம். பத்தொன்பது. எண்ணூறில் பத்தொன்பது, மச்சான். அவற்றைத் தனியாக ஒரு நீல டிரம்மில் விட்டிருக்கிறேன். காலையும் மாலையும் போய்ப் பார்க்கிறேன்.

மச்சான், இந்தத் தப்பு முழுக்க என்னுடையது. ஜோசியரிடம் போனது நான், மீன் வாங்கியது நான், விட்டது நான், பண்டாராயாவைக் கொண்டுவந்ததும் நான். இராஜம்மா வீடியோ எடுத்ததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. குளத்தை இறைக்கவும் கரை கட்டவும் என் பென்ஷனில் ஏற்பாடு செய்துவிட்டேன், அதைப் பற்றி நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கோபம் வந்தால் என்னைத் திட்டுங்கள், அடிக்கக்கூட வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போனை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கீரை ஆய்ந்துகொண்டு அவள் உட்கார்ந்திருப்பதை இன்னொரு பதினொரு வருஷம் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

பேத்திக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் முத்தமும். அக்காவுக்கு வணக்கம். மாதவிக்கும் மருமகனுக்கும் எல்லாச் செல்வமும் பெருகட்டும், அவர்கள் வீட்டில் மீன் தொட்டி இருந்தால் அதில் இருப்பதை அதிலேயே வைத்திருக்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாமல்,
உங்கள் அன்பு மாப்பிள்ளை
கமலநாதன்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். தபால்தலை தேடி உள்ளே போய்த் திரும்புவதற்குள் இராஜம்மா கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டாள். படித்த கையோடு போனை எடுத்து உங்கள் நம்பரைப் போட்டாள். அவளாகப் போட்டது இதுதான் முதல் தடவை, நீங்களும் கவனித்திருப்பீர்கள். "அண்ணே, குளம் போச்சு" என்றாள் எடுத்த எடுப்பில். பிறகு நீங்கள் சொன்னதை நானும் ஸ்பீக்கரில் கேட்டேன். போன வருஷம் தங்கச்சி பேச வேண்டும் என்று நீங்களும் அதே ஜோசியரிடம் போனதும், இருபத்தேழு கெளுத்தி வாங்கியதும், "குளத்துல விடல இராஜம்மா, நான் என்ன கூமுட்டையா, பக்கத்து லோங்காங்லதான் விட்டேன்" என்றதும் எல்லாம் கேட்டேன். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அந்த இரண்டு கிலோ எடை மீன்கள் உங்களுடையவை. கரை கட்டும் செலவிலும் பாதி உங்களுடையது.

நீங்கள் போனில் பேசியதை உங்களுக்கே எழுதுவானேன் என்று கேட்பீர்கள். இந்தப் பக்கம் நடந்தது உங்களுக்குத் தெரியாது, அதற்காகத்தான் அனுப்புகிறேன். நீங்கள் சொல்லி முடித்ததும் லைன் கட்டாகிவிட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றீர்களே, கட்டாகவில்லை. இராஜம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். என்னைப் பார்த்து, "என்கூட பேசணும்னு ஆத்துல மீன் விட்டுருக்காருங்க. அன்னிக்கு ஒரு தட்டுல நாலு வெத்தலைய வச்சு நேர்ல வந்திருந்தா போதுமே" என்றாள்.